எள்ளலும் எதிர்ப்பும்



வரலாறு என்றவுடன் உங்கள் மனக்கண் முன் தோன்றுவன போர்களும் உடன்படிக்கைகளும் அரசர் பெயர்களுமே என்பதை நான் அறிவேன். பல்லாண்டுக் காலம் வகுப்பறையில் அவற்றையே திரும்பத் திரும்பச் சொல்லி உங்களை ஒத்தவர்களைக் களைப்புறச் செய்தவருள் நானும் ஒருவன். இன்று அவற்றை விடுத்து, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைக் கண்டு மனம் நொந்தவர்கள் எழுதிய முறையீடுகளைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். முறையீட்டுக் கடிதமும் வரலாற்று ஆவணமே. கல்வெட்டில் அரசன் தன் பெருமையைத் தானே பேசிக்கொள்கிறான்; முறையீட்டிலோ ஒருவன் தனக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறான். பின்வந்தோர்க்கு இரண்டாவதே பெரிதும் பயன்படும்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு பி.பி.சி. நிறுவனத்தார் தம் இரண்டாம் தொலைக்காட்சி வழியே 'டாப் கியர்' என்னும் நிகழ்ச்சியின் இந்தியச் சிறப்புப் பகுதியை ஒளிபரப்பினர். டாப் கியர் மோட்டார் கார்களைப் பற்றிய நிகழ்ச்சி. 1977இல் எளிய முறையில் தொடங்கி, 2002இல் புதுக்கோலம் பூண்டு, உலகின் பல நாடுகளிலும் காணப்படுவதாக வளர்ந்தது. கார்களை ஆராய்வது அதில் ஒரு பாதி; ஜெரமி கிளார்க்சன், ரிச்சர்ட் ஹேமண்ட், ஜேம்ஸ் மே என்னும் மூவர் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்துகொள்வது மறுபாதி. பிரிட்டனின் பொருளாதாரம் தளர்ந்திருந்த காலம் அது. ஆகவே தம் நாட்டுச் சரக்குகளை இந்தியாவில் விலைபோகச் செய்ய வந்த வாணிகத் தூதர்போல் வேடம் புனைந்து, பழைய பிரிட்டிஷ் கார்கள் மூன்றில் மும்பையிலிருந்து இமயம் நோக்கிப் புறப்பட்டனர். கிளார்க்சன் ஏறியது ஜாகுவார். மே ஏறியது ரோல்ஸ் ராய்ஸ். ஹேமண்ட் ஏறியது மினி.

இங்கே ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஜாகுவார் நிறுவனத்தை 2008ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கியவர்கள் நம் நாட்டு டாடா மோட்டார்ஸ். மினியும் ரோல்ஸ் ராய்ஸ் கார்களும் அதற்கு முன்பே ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் கைக்குச் சென்றுவிட்டன. ஆக, பிரிட்டனின் தொழிற்பெருமையைப் பறைசாற்ற வந்த கார்கள் மூன்றில் ஒன்றன் பெயரேனும் அப்போது பிரிட்டிஷார் உடைமையாக இல்லை. மெய்யான நகைச்சுவை இங்கேதான் இருந்தது என்பது என் எண்ணம்.

கிளார்க்சன் தம் ஜாகுவாரின் டிக்கியின் மேல் ஒரு கழிப்பிருக்கையைப் பொருத்தியிருந்தார். இந்தியாவுக்கு வருவோர் அனைவர்க்கும் வயிறு கெடும். ஆகையால் இந்நாட்டிற்கு ஏற்ற கார் இதுவே என்பது அவர் செய்த விளக்கம். ரயில் வண்டி ஒன்றின் பக்கங்களில் பிரிட்டிஷ் பொருள்களைப் புகழும் ஆங்கில வாசகங்கள் துணியில் எழுதிக் கட்டப்பட்டன. பெட்டிகள் பிரியும்போது துணி கிழிந்து, எஞ்சிய எழுத்துகள் வாயால் சொல்லத் தகாத சொற்களாகும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. விருந்து ஒன்றில், கால்சட்டைக்கு மடிப்புப் போடும் பொறியைக் காட்டுவதற்காக, விருந்தினர் முன்னிலையில் கிளார்க்சன் தாம் அணிந்திருந்த கால்சட்டையைக் கழற்றினார்.

பார்த்தவர்கள் முறையிட்டனர். இலண்டனில் உள்ள இந்தியத் தூதரகம் 2012 ஜனவரியில் பி.பி.சி.க்கு மடல் எழுதிற்று. அனுமதி வேண்டியபோது சொன்னது ஒன்று, எடுத்துக் காட்டியது வேறொன்று என்பது அம்மடலின் சாரம். இந்திய வழியினரான பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் கீத் வாஸ் மன்னிப்புக் கோருதல் வேண்டும் என்றார். பி.பி.சி. தந்த மறுமொழியோ, ஒரு நாட்டை அதன் குறைகளோடு காட்டுவது வேறு, இழிவு செய்வது வேறு. கேலி அம்மூவரையே நோக்கியது என்பதாம். இந்தியரிலேயே இதனை வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போனவரும் உண்டு. 2011ஆம் ஆண்டின் முற்பகுதியில்தான் இந்நிகழ்ச்சியினர் மெக்சிகோ நாட்டாரைச் சோம்பேறிகள் என்று எள்ளினர். அந்நாட்டுத் தூதர் முறையிட்டார். பி.பி.சி. வருத்தம் தெரிவித்தது, எனினும் பிற நாட்டாரைப் பற்றிய வழக்கமான கேலி பிரிட்டிஷ் நகைச்சுவையின் ஒரு கூறு என்றும் சேர்த்துச் சொன்னது.

இச்செய்தி நெய்வேலிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். நிகழ்ச்சி ஒளிபரப்பான இரண்டாம் நாள், டிசம்பர் 30 விடியற்காலையில், 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் நகரியத்தில் நிழல் தந்த மரங்கள் வீதிக்கு வீதி குறுக்கே கிடந்தன. நாட்டுக்கே மின்சாரம் ஈனும் அனல் நிலையங்களின் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும் சிற்றூர்களிலேயே பல நாள் விளக்கு எரியவில்லை. மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றே எங்களுக்குத் துணை. பொங்கலை ஒட்டிப் பழைய நாளிதழ்கள் சில ஒருசேர வந்தன. அவற்றுள் ஒன்றில் தூதரகத்தின் மடலைப் பற்றிய செய்தி இருந்தது.

அப்போது நான் நெய்வேலிக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டா. பதினோராம் வகுப்பில் அச்செய்தியைப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் கொதித்தெழுந்தனர். புயலில் கூரையிழந்தவர் பலர் அவ்வகுப்பில் இருந்தனர். உள்ளம் ஏற்கெனவே புண்பட்டிருந்தது. பி.பி.சி.க்கு நாமும் ஒரு கண்டன மடல் எழுதுவோம் என்றேன். அந்நிகழ்ச்சியை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை என்பது அவ்வேளையில் எனக்கு ஒரு குறையாகவே படவில்லை! கரும்பலகையில் முதல் வாக்கியத்தை எழுதினேன்: 'எங்கள் நாட்டைப் பற்றி நீங்கள் காட்டியது பொய்.'

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், எது பொய்? நம்ம ஸ்கூல்ல எங்களுக்குக் கக்கூஸ் இல்லையே, சார்" என்றாள். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. மாணவியர் பலர் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவர் என்பதும், சில நாள்களில் பள்ளிக்கே வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் அவற்றை ஒரு பொருட்டாக எண்ணிப் பார்த்ததில்லை. மணி அடித்தது, அன்றைக்குத் தப்பித்தேன்.

அவளுக்கு விடை தேட வேண்டும் என்ற எண்ணத்தோடு வீட்டிற்கு வந்து என் பழைய நூல்களைப் புரட்டினேன். இந்தச் சினமும் இந்தக் கேள்வியும் புதியவை அல்ல என்பது புலப்பட்டது.

1927இல் காதரின் மேயோ என்னும் அமெரிக்கப் பெண்மணி 'மதர் இந்தியா' என்றொரு நூல் எழுதினார். இந்தியரின் அழுக்கையும் குழந்தை மணத்தையும் எடுத்துக்காட்டி, இவர்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று நிறுவ முயன்ற நூல் அது. நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடைபெற்றன. லாலா லஜபதி ராய் ஒரு தனி நூலே மறுப்பாக எழுதினார். காந்தியடிகள் தம் 'யங் இந்தியா' இதழில் அதனைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று சாடினார். இவ்வளவும் உங்கள் பாடநூல்களில் காணலாம். ஆனால், அதே கட்டுரையில் அடிகள் அந்நூலை இந்தியர் படித்துப் பயன் பெறலாம் என்றும் சொல்லியிருக்கிறார். 1901இல் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்றபோது கழிப்பிடத்தின் நாற்றம் பொறாமல் தாமே துடைப்பம் தேடி எடுத்தவர் அன்றோ அவர்! சாக்கடையைப் பற்றிப் பிறர் சொல்லித்தான் அவர் அறிய வேண்டும் என்பதில்லை. 1929இல் குழந்தை மணத்தைத் தடுக்கும் சார்தா சட்டம் நிறைவேறியதற்கு மேயோவின் நூல் எழுப்பிய பூசலும் ஒரு தூண்டுகோல் என்று கருதும் வரலாற்றாசிரியர் உளர்.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் அணுக்கமானது. பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் லூயி மால் 1968இல் இந்தியாவில் சில திங்கள் சுற்றி, ஏழு பகுதிகள் கொண்ட ஓர் ஆவணப்படம் எடுத்தார். சென்னையைப் பற்றியே அதில் ஒரு பகுதி உண்டு. 1970இல் பி.பி.சி. அதனை ஒளிபரப்பியபோது, வறுமையையே காட்டுகிறது என்று பிரிட்டனில் வாழ்ந்த இந்தியர் வெகுண்டனர். நிறுத்துமாறு இந்திய அரசு கேட்டது, பி.பி.சி. மறுத்தது, தில்லியில் இருந்த அதன் அலுவலகம் மூடப்பட்டது. அவ்வாண்டில் இந்தியாவில் தொலைக்காட்சி தில்லியில் மட்டுமே இருந்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். சென்னைக்கு அது வந்தது 1975இல். ஆகவே படத்தில் காட்டப்பட்டவருக்கு அதனைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அவர்கள் பொருட்டுச் சினங்கொண்டவர் அனைவரும் வேறெங்கோ இருந்தனர். மாலின் படத்தில் பரிவு இருந்தது என்று இன்று பலரும் ஒப்புகின்றனர். அதன் பொருட்டு ஓர் அலுவலகத்தையே மூடியது மிகை என்பேன். டாப் கியரோ அப்படத்தின் பக்கத்தில் வைத்து எண்ணத் தக்கதன்று. எனினும் பார்த்தவர் கேட்ட கேள்வி ஒன்றே: 'எங்களை ஏன் இப்படிக் காட்டினாய்?'

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஒரு பகுதி வெளியாயிற்று. வீட்டு வளாகத்திற்குள் கழிப்பறை உடைய இல்லங்கள் நூற்றுக்கு 46.9, வெட்டவெளியை நாடும் இல்லங்கள் நூற்றுக்கு 49.8. நம் அரசே எண்ணிச் சொன்ன கணக்கு. தூதரகம் மடல் எழுதி ஏறத்தாழ இரண்டு திங்களே கழிந்திருந்தன.

அப்படியாயின் கிளார்க்சன் சொன்னது சரியா என்று கேட்பீர்கள். இல்லை என்பதே என் முடிபு. வீட்டிற்கு வந்த விருந்தினன் கொல்லைப்புறத்தில் கழிப்பறை இல்லாமையைக் கண்டு வருந்தலாம். கட்டித் தரவும் முன்வரலாம். அதனைத் தெருவில் நின்று பாட்டாகப் பாடினால், சொன்னது உண்மையே ஆயினும் செய்தது இழிவு. அதனினும் என்னை உறுத்தியது ரயில் வண்டி. அப்பெட்டிகளில் அமர்ந்திருந்தோர் தம் பக்கத்தில் தொங்கும் எழுத்து என்ன சொல்கிறது என்று அறியாமலே நகைப்புக்கு உரிய சுமையைச் சுமந்து சென்றனர். கழிப்பறையைப் பற்றிய கேலிக்கு நம்மிடம் முழு விடை இல்லை. அத்துணியைப் பற்றிய முறையீடு முற்றிலும் நியாயமானது. பிற்காலத்தில் இந்த வேறுபாடு பயன் தந்தது. 2014 மார்ச்சில் ஒளிபரப்பான மியன்மார்ச் சிறப்புப் பகுதியில், ஆசிய மக்களை இழிக்கும் இருபொருட்சொல் ஒன்று ஆளப்பட்டது. முறையிட்டவர்கள் அந்த ஒரு சொல்லையே பற்றி நின்றனர். பிரிட்டனின் ஒலி, ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு, ஜூலையில் அது விதிமீறல் என்று தீர்ப்பளித்தது.

எள்ளுவது வெள்ளையர்க்கு மட்டுமே உரிய குணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். என் தந்தையார் சுரங்கத்தில் பணிபுரிந்தமையால் நான் நெய்வேலியிலேயே வளர்ந்தேன். 1957இல் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கம் அது. மண் வாரும் பெரும்பொறிகள் ஜெர்மனியிலிருந்தும், அனல் நிலையத்திற்கு வேண்டிய உதவி சோவியத் நாட்டிலிருந்தும் வந்தன. ரஷ்யப் பொறிஞர்கள் குடும்பத்தோடு எங்களிடையே குடியிருந்தனர். சித்திரை வெயிலில் செக்கச் சிவந்து, கடைத்தெருவில் கைச்சாடையால் விலை கேட்ட அவர்களைப் பின்தொடர்ந்து, அவர்கள் பேச்சைப் போலவே உளறிக் காட்டிச் சிரித்த சிறுவர் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒருமுறை ஓர் அம்மையார் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ஓடிவிட்டோம். எங்களிடம் படப்பிடிப்புக் கருவி இல்லை, அவ்வளவே.

மறுவாரம் அதே வகுப்பிற்குச் சென்றேன். கரும்பலகையில் எழுதிய முதல் வாக்கியம் தவறு என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். ரயிலில் கட்டிய துணியை மட்டும் கண்டித்து மடலைத் திருத்தி எழுதினோம். படிப்பதற்கு நன்றாகவே இருந்தது. அஞ்சலில் சேர்த்தோமா என்றால், இல்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி எப்படிக் கையொப்பம் இடுவது என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டதும் முறையே.

அன்று மாலையே வேறொரு மடல் எழுதினேன். அது இலண்டனுக்கு அன்று, நம் மாவட்டத்திலேயே உரிய அலுவலகம் ஒன்றிற்கு. மாணவியர் தொகை, பள்ளியில் உள்ள இடம், தண்ணீர்க் குழாய் எவ்வளவு தொலைவு என்பனவற்றையெல்லாம் அப்பெண்ணே அளந்து கணக்கெடுத்துத் தந்தாள். விடை வரவில்லை. மீண்டும் எழுதினேன், நேரில் சென்று இருமுறை காத்திருந்தேன். ஓராண்டும் நான்கு திங்களும் கழிந்தபின் கழிப்பறைகள் மூன்று கட்டப்பட்டன. அதற்குள் அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பள்ளியை விட்டுச் சென்றிருந்தாள்.