இடிந்ததா, எரிந்ததா?

1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5 மணி 12 நிமிடம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பூகம்பம் உலுக்கியது. நிலம் ஆடியது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். ஆனால் அதனால் மூண்ட தீ மூன்று நாள் எரிந்தது. தண்ணீர்க் குழாய்களும் உடைந்துபோனதால் அணைக்க வழியில்லை. சுமார் 28,000 கட்டிடங்கள் போயின. அவற்றில் பெரும்பகுதியை அழித்தது நெருப்புதான்.

வியாபாரிகள் கையில் இருந்தது தீ இன்சூரன்ஸ் பாலிசி. அதில் பலவற்றில் ஒரு விதி உண்டு: தீயினால் அல்லாமல் வேறு காரணத்தால் கட்டிடம் விழுந்துவிட்டால், அந்தக் கணமே காப்பீடு முடிந்தது. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு மொழியில் தீயோ வெள்ளமோ, காப்பீட்டு இழப்பு எதுவானாலும் 'சினிஸ்த்ர்' என்ற ஒரே சொல்தான். பாலிசியோ காரணத்தைப் பிரித்துப் பிரித்துக் கேட்கும். ஆகவே இழப்பை மதிப்பிட வந்தவர் 'எவ்வளவு போயிற்று?' என்று கேட்பதற்கு முன், 'நெருப்பு வந்தபோது கட்டிடம் நின்றுகொண்டிருந்ததா?' என்று கேட்டார். சாம்பல் மேட்டைப் பார்த்து அதற்கு எப்படிப் பதில் சொல்வது?

பல இடங்களில் புகைப்படங்கள் சாட்சி சொல்ல வந்தன. பூகம்பத்துக்குப் பின், தீ வந்து சேருமுன் யாரோ எடுத்த படத்தில் கடை நிமிர்ந்து நின்றால் அது பெரிய ஆதாரம்.

அடுத்தது சரக்குக் கணக்கு. பேரேடுகள் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. உள்ளே சூடு தணியுமுன் அவசரப்பட்டுத் திறந்தவர்களுக்கு, காற்றுப் பட்டதும் காகிதமெல்லாம் கண்ணெதிரே பற்றிக்கொண்டது. நாள்கணக்கில் பொறுத்திருந்தவர்களுக்குக் கணக்கு மிஞ்சியது.

கம்பெனிகளின் குணமும் அப்போது தெரிந்தது. லண்டன் லாயிட்ஸைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத், நிபந்தனை பார்க்காமல் எல்லோருக்கும் முழுத்தொகை கொடுக்கும்படி தந்தி அடித்தார். வேறு சில கம்பெனிகள் டாலருக்கு 75 சென்ட் என்று பேரம் பேசின. நம் கணக்கில் ரூபாய்க்குப் பன்னிரண்டணா! இன்னும் சில அடியோடு கைவிரித்தன.

அமெரிக்கக் கதைதானே என்று விட்டுவிட வேண்டாம். நம் நாட்டில் நெடுங்காலம் வழக்கிலிருந்த தீக் காப்பீட்டுப் பாலிசியிலும், அதில் சேராத காரணத்தால் கட்டிடம் சரிந்தால் ஏழு நாளோடு காப்பு முடியும் என்ற நிபந்தனை உண்டு. அதில் பூகம்பத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது.

பிள்ளைகள் கடை கண்ணி வைத்திருந்தால் இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். பாலிசியின் பின்பக்கத்தை முழுதாகப் படிக்கட்டும். கடையின் படங்களையும் சரக்குப் பதிவேட்டின் நகலையும் வேறொரு கட்டிடத்தில் வைக்கட்டும். பொருள் எரிந்த பிறகு உரிமையாளருக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.