கரியும் கரைப்பான்களும்: ஒரு கொள்கையின் வரலாறு

கரியின் உறிஞ்சுந் திறனை அறிவியலார் கண்டது நேற்றன்று. 1785ஆம் ஆண்டில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் மருந்துச் சாலையொன்றிற் பணியாற்றிய லோவிற்சு என்பார், தாத்தாரிக்கமிலக் கரைசலின் கபில நிறத்தைக் கரித்தூள் நீக்குதலைக் கண்டார். பிற்காலத்தில், நீராவி முதலியவற்றாற் பதப்படுத்தி நுண்டுளைகள் பெருக்கப்பட்ட கரி, ஏவப்பட்ட கரி எனப் பெயர் பெற்றது. நம் நாட்டுத் தேங்காய்ச் சிரட்டை அதற்கு மிக உகந்த மூலப்பொருளாகும். அத்தகைய கரியின் ஒரு கிராமினுள் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் பரப்பு அடங்கியுள்ளது. வாயுவோ கரைபொருளோ அப்பரப்பிற் பற்றிக்கொள்ளுதலே புறத்துறிஞ்சல் எனப்படும்.

தனிப்பொருளின் நடத்தை எளிது, கலவையே புதிரானது. அசற்றோன், தொலுயீன் ஆகிய இரு கரைப்பான்களின் ஆவி கலந்த காற்றைக் கரிப்படுக்கையினூடு செலுத்துவோமாயின், தொடக்கத்தில் இரண்டும் தங்கிவிடும். பின்னர், வன்மையாகப் பற்றப்படுந் தொலுயீன் முன்னேற முன்னேற, முன்பே இடம் பிடித்திருந்த அசற்றோன் வெளியே தள்ளப்படும். ஒரு கட்டத்தில், வெளிவருங் காற்றில் அசற்றோனின் செறிவு உட்சென்ற காற்றில் இருந்ததிலும் மிகுந்திருக்கும். குடியிருந்தவனை வந்தவன் எழுப்பிவிடுகின்றான் என்க! இவ்வாற்றலின் தன்மை யாது?

இரு விடைகள் எழுந்தன. 1914இல் அங்கேரிய இளைஞரான மைக்கேல் பொலானி, திண்மத்தின் கவர்ச்சி அதன் பரப்பைக் கடந்தும் சிறிது தூரம் பரவியுள்ளதென்றும், அவ்வெளியில் ஆவி செறிந்து திரவம் போலாகின்றதென்றும் கூறினார். அமெரிக்கரான லாங்மியரோ, 1916 முதல் 1918 வரை வெளியிட்ட கட்டுரைகளில், ஒரு மூலக்கூற்றுத் தடிப்புடைய படையே பரப்பிற் படிகின்றதென நிறுவினார். அறிவுலகம் லாங்மியரின் பக்கமே சாய்ந்தது. 1932இல் அவருக்கு நோபெற் பரிசுங் கிடைத்தது.

முதல் உலகப் போருக்குப் பின், ஏபரின் அழைப்பின் பேரிற் பேர்லினிலே பொலானி தம் கொள்கையை விளக்கினார். அவையில் ஐன்ஸ்ரைனும் இருந்தார். அணுக்களிடை விசைகள் மின்னியல்பின என அக்காலத்தார் கருதினர். அவ்வாறாயின் இடைப்படும் மூலக்கூறுகள் அவ்விசையை மறைத்துவிடுமன்றோ? ஐன்ஸ்ரைன், ஏபர் இருவரும் அவர் கொள்கையை ஏற்றிலர். அன்று தம் அறிவியல் வாழ்வு மயிரிழையிற் பிழைத்ததெனப் பொலானி பின்னர் எழுதினார்.

1930இல் விடை வந்தது. பிறிற்ஸ் லண்டன் விளக்கிய கலைவு விசைகள் அவ்வாறு மறைக்கப்படுவன அல்ல. ஆயினும் தீர்ப்பு உடனே மாறவில்லை. மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராயிருந்த காலத்திலும் பொலானி தம் கொள்கையைத் தம் மாணாக்கருக்குக் கற்பித்தாரல்லர். பரீட்சையில் அவர்கள் வழக்கிலிருந்த கொள்கையையே எழுத வேண்டியிருந்தது. ஆசிரியராயுள்ளோர் இச்செய்தியை எளிதிற் கடந்து செல்லல் அரிது.

தட்டையான பரப்புகளுக்கு லாங்மியரின் படம் நன்கு பொருந்தும். ஏவப்பட்ட கரியின் நுண்டுளைகளிலோ எதிர்ச்சுவர்களின் கவர்ச்சி ஒன்றன்மேலொன்று கவிதலின், துளை முழுவதுமே நிரம்புகின்றது. இதனை உணர்ந்த உருசிய அறிஞர் டுபினின், 1947இல் ராதுஷ்கேவிச்சுடன் பொலானியின் கருத்தின்மேற் சமன்பாடொன்றை அமைத்தார். 1963இல் பொலானி தம் கொள்கையின் கதையைத் தாமே எழுதி வெளியிட்டார். ஆறாண்டுகளின் பின், 1969இல், மேன்சு, ஓபர் என்னும் இருவர் அக்கொள்கையைக் கரைசல்களுக்கும் விரித்து, சேதனக் கரைப்பான்களிற் கரைந்த சாயங்களைக் கரி எவ்வளவு பற்றுமெனக் கணித்துக் காட்டினர். கரைபொருளுங் கரைப்பானும் ஒரே துளைக்குப் போட்டியிடும் அக்கணக்கிற்கு அவர்கள் அடிப்படையாகக் கொண்டது பேர்லினில் ஏற்கப்படாத அக்கருத்தே.