குறிப்பேட்டிலிருந்து ‘ஆர்யா’ வரை

ஸ்ரீ அரவிந்தர் அச்சுக்கென்று எழுதாத குறிப்பேடுகளில்தான் அவருடைய தத்துவத்தின் வேர் இருக்கிறது. யோகத்தில் அன்றன்று கண்டதைப் புதுச்சேரியில் 1912 முதல் 1920 வரை, இடையிடையே விட்டுவிட்டு, அவர் பதிந்துவந்தார். ஆங்கிலேயரின் தேசத்துரோக வழக்கு துரத்த, 1910 ஏப்ரல் 4 அன்று அங்கே வந்து சேர்ந்தவர் அவர்.    புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் ஆங்கிலேயரின் வாரண்டு அதன் எல்லையோடு நின்றுபோனது.

குறிப்பேடுகளின் மொழி ஆங்கிலம், கலைச்சொற்கள் சமஸ்கிருதம். சமதை, சாந்தி, சுகம், ஹாஸ்யம் என நான்கு நான்காகத் தொகுத்த ஏழு பிரிவுகள் அவற்றின் சட்டகம். பெயர் ‘சப்த சதுஷ்டயம்’. முக்காலமும் அறியும் ஆற்றலாகிய திரிகால திருஷ்டியை அவர் சின்னஞ்சிறு நிகழ்ச்சிகளில் சோதித்தார். பறவை எந்தப் பக்கம் திரும்பும், எறும்பு எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே கணித்து, பலித்ததையும் பொய்த்ததையும் எழுதிவைத்தார். பொய்த்ததை மறைக்காத இந்த நேர்மையே குறிப்பேடுகளின் பெருமதிப்பு.

1914 ஆகஸ்ட் 15 அன்று ‘ஆர்யா’ மாத இதழ் தொடங்கியது. உடன் தொடங்கிய பால் ரிஷார் மறு ஆண்டே பிரான்சுக்குத் திரும்பிவிட, இதழின் 64 பக்கங்களையும் ஏறக்குறைய அரவிந்தர் ஒருவரே நிரப்ப வேண்டியதாயிற்று. ‘தெய்வீக வாழ்க்கை’, ‘யோக சமன்வயம்’ முதலியவை அதில் தொடராக வந்தன. தாம் தத்துவவாதி அல்லர், யோகத்தில் அன்றாடம் கண்டறிந்ததை அறிவின் மொழியில் எழுதியதே தம் தத்துவம் என்று பின்னாளில் அவரே விளக்கினார். ‘யோக சமன்வய’த்தின் நான்காம் பகுதி இதற்குத் தெளிவான சான்று. சமதை, சக்தி, விஞ்ஞானம் என்று குறிப்பேட்டின் வரிசையையே அது பின்பற்றுகிறது. காலத்தை ஊடுருவும் பார்வையைப் பற்றிய அத்தியாயத்தில் வந்து நிற்கிறது. பறவையும் எறும்பும் அதில் இல்லை. தேதியும் தோல்வியும் ‘நான்’ என்பதும் இல்லை. சோதனையில் பிறந்த முடிவுகள் பொதுக் கோட்பாடாக நிற்கின்றன. நூலை மட்டும் படிப்பவருக்கு அது ஊகமாகத் தோன்றலாம். குறிப்பேட்டையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் பின்னிருந்த உழைப்பு தெரியும்.

1921 ஜனவரியில் ‘ஆர்யா’ நின்றது. நான்காம் பகுதியும் அப்படியே நின்றது. குறிப்பேட்டை அவர் 1927இல் சில மாதங்கள் மீண்டும் தொடர்ந்தார். அவை 1986 முதல் ஆசிரமத்தின் ஆய்விதழில் வெளிவந்து, 2001இல் இரண்டு தொகுதிகளாக நூலாயின. ‘தெய்வீக வாழ்க்கை’யை 1939–40இல் விரிவாகத் திருத்தி வெளியிட்ட அரவிந்தர், ‘யோக சமன்வய’த்தின் நான்காம் பகுதியை முடிக்காமலே 1950இல் மறைந்தார்.