ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள்

1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறி ஆடு வளர்த்தவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் வந்தது. நெற்றி நடுவே ஒரே ஒரு கண்ணோடு குட்டிகள் பிறந்தன, பிழைக்கவும் இல்லை. தாய் ஆடுகளோ நன்றாகவே இருந்தன. பரம்பரைக் குறையாக இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். குறையோடு ஒரு பிள்ளை பிறந்தால் வம்சத்தையோ கிரகணத்தையோ பழி சொல்வது நமக்கும் தெரிந்த வழக்கம்தானே!

அந்நாட்டு விவசாயத் துறை இதை விசாரிக்க ஆட்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான லின் ஜேம்ஸ், மூன்று கோடைக்காலம் மந்தையோடு மந்தையாக மலையில் தங்கினார். மழை பொய்த்த காலத்தில் ஆடுகள் மேட்டு நிலத்துக்கு ஏறி, கார்ன் லில்லி என்ற செடியை மேய்வதைக் கண்டார். சினையாகிப் பதினான்காம் நாள் அதைத் தின்ற ஆட்டுக்குத்தான் ஒற்றைக்கண் குட்டி பிறக்கிறது என்பது பிறகு நிரூபணமானது. அந்த நாளில் ஆடுகளைச் செடிப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டாலே போதும் என்றாயிற்று. செடியிலிருந்த விஷத்தைப் பிரித்தெடுத்து, சைக்லோபமைன் என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒடிஸ்ஸே கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் 'சிக்லோப்' பெயர்தான் அது.

ஆனால் விஷம் என்ன செய்கிறது என்பது முப்பது வருஷம் புதிராகவே இருந்தது. விடை ஈயிலிருந்து வந்தது. 1980-இல் ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்தபோது, ஒரு மரபணு கெட்டால் புழுவின் உடம்பு முழுக்க முள் முளைப்பதைக் கண்டார்கள். முள்ளெலி போல இருந்ததால் 'ஹெட்ஜ்ஹாக்' என்று பெயர் வைத்தார்கள். 1995-இல் இவர்களுக்கும் எட்வர்ட் லூயிஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெட்ஜ்ஹாக் என்பது கருவில் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி. முன்மூளையும் கண்ணும் இரண்டாகப் பிரிய அந்தச் சேதி வேண்டும். அதை உள்ளே கொண்டுசெல்வது செல்லின் மேற்பரப்பிலுள்ள 'ஸ்மூதன்ட்' என்ற ஏற்பி. இது விசித்திரமான ஏற்பி. மற்ற ஏற்பிகள் சேதியைத் தாமே கையில் வாங்கும், இது வாங்குவதில்லை. 'பாட்ச்ட்' என்ற இன்னொன்று இதை அடக்கி வைத்திருக்கிறது. சேதி வருவது பாட்ச்டிடம். வந்ததும் பிடி தளர்கிறது, ஸ்மூதன்ட் வேலையைத் தொடங்குகிறது. ஆபீஸில் தபால் குமாஸ்தா கைக்கு வரும், உத்தரவு போடுபவர் உள்ளறையில் இருப்பார், அதுபோல.

சைக்லோபமைன் போய் ஒட்டுவது நேரே இந்த ஸ்மூதன்டின் மேல்தான் என்று 2002-இல் நிரூபித்தார்கள். சேதி வந்தும் உத்தரவு கிளம்பவில்லை, கண் பிரியவில்லை.

இதற்கு எதிரான கோளாறும் உண்டு. பெரியவர்களின் தோலில் பாட்ச்ட் கெட்டுப்போனால், ஸ்மூதன்டை அடக்க ஆளில்லை; செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. பேசல் செல் என்னும் தோல் புற்றுநோய் பெரும்பாலும் அப்படி வருவதுதான். ஸ்மூதன்டை அடக்கும் விஸ்மோடெகிப் என்ற மாத்திரைக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது என்று அதன் அட்டையில் கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையின் காரணம் ஐடஹோ மேய்ப்பர்களுக்குச் சொல்லாமலே புரியும்.