வங்கக் கடலடியில் ஒலிவழித் தேடல்: 1971 முதல் 2024 வரை

கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரையுள்ள வடசென்னையின் பிழைப்பு கடலை நம்பியது. கொருக்குப்பேட்டையின் சரக்கு ரயில் தடங்கள், தண்டையார்பேட்டையின் எண்ணெய்த் தொட்டிகள், காசிமேட்டுப் படகுகள், சென்னை, காமராசர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் எல்லாம் ஒரே கரைத்துண்டில் அடங்கிவிடுகின்றன. இந்தக் கரையைப் பற்றி எழுதுவோர் 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்தியதைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். 1971 நவம்பரில் காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி, விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடிச் சென்னைக்கு அப்பாலுள்ள கடலில் நீருக்கடியில் திரிந்ததை எழுதியோர் குறைவு. விக்ராந்த் அதற்குள் அந்தமான் பக்கம் அனுப்பப்பட்டிருந்தது. எம்டனைக் கரையிலிருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். காஸி இங்கே இருந்த நாட்களில் அதைக் கண்டவரும் இல்லை, கேட்டவரும் இல்லை.

நீருக்கடியில் இருப்பதை ஒலியால் அறியும் ஆய்வு நம் நாட்டில் வளர்ந்த பாதையை இக்கட்டுரை அந்த 1971ஆம் ஆண்டிலிருந்து தொடர்கிறது. அப்பாதையின் முக்கியமான திருப்பங்கள் ஓர் இழப்புக்குப் பின்னரே வந்தன என்பதும், கருவி வாங்குவதைவிட நம் கடல்நீரின் குணத்தை நாமே அளந்து அறிவதுதான் பலன் தந்தது என்பதும் என் துணிபு.

இந்திய-பாகிஸ்தான் போர் தொடங்கிய டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. இந்தியத் தரப்பின் கூற்றுப்படி, நீர்ப்பரப்பில் தெரிந்த ஒரு கலக்கத்தைக் காவலாள் கண்டு சொல்ல, ராஜ்புத் கப்பல் ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது. காஸி தான் விதைத்த கண்ணிவெடியாலேயே அழிந்தது என்கிறது பாகிஸ்தான். எதை ஏற்றாலும், அந்த வெற்றி ஒலிவழித் தேடும் கருவியான சோனாரால் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஐந்தாறு நாட்களில் அதற்கு மாறான பாடம் கிடைத்தது. டிசம்பர் 9 இரவு டையூ அருகே பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பலைத் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு மூழ்கினார். குக்ரியில் இருந்தது பிரிட்டிஷ் சோனார். அதன் கேட்கும் தொலைவைக் கூட்டும் சோதனையில் லெப்டினன்ட் வி. கே. ஜெயின் அன்று ஈடுபட்டிருந்தார். சோதனைக்காகக் கப்பல் மெதுவாகச் சென்றது. ஆய்வும் ஆய்வாளரும் ஒருசேரக் கடலில் போனார்கள்.

அந்தச் சோனார் நம் கடலில் ஏன் தடுமாறியது? நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். வெப்பமும் உப்பும் கூடினால் வேகமும் கூடும். வெயில் ஏறிய பிற்பகலில் மேல்நீர் சூடாகிறது, கீழ்நீர் குளிர்ந்தே கிடக்கிறது. ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கம் வளையும் என்பதால், கப்பலிலிருந்து புறப்படும் ஒலிக்கற்றை கீழ்நோக்கி மடங்கிவிடும். அதற்கு அப்பால் மேல்நீரில் ஒலி எட்டாத ஒரு நிழற்பகுதி உண்டாகிறது. நீர்மூழ்கிக்கு அதுவே மறைவிடம். காலையில் நன்றாகக் கேட்ட கருவி பிற்பகலில் செவிடாவதை அமெரிக்கக் கடற்படை 1930களில் கியூபாவின் குவாண்டனாமோ அருகே கண்டறிந்தது.

வங்கக் கடலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மழைக்காலத்துக்குப் பின் கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் நன்னீர் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்குகிறது. காசிமேட்டுக்காரர்கள் வன்னி என்று சொல்லும் வடக்கத்தி ஓட்டம் வலுக்கும் காலம் அது. உப்புக் குறைந்த நீர் மேலே மெல்லிய படலமாக மிதக்க, ஒலியின் பாதை மறுபடி மாறுகிறது. தெண்டி எனும் தெற்கத்தி ஓட்டம் அடிக்கும் மாதங்களில் கணக்கே வேறு. அட்லாண்டிக் கடலுக்காகச் செய்த கருவியிடம் இந்தக் கணக்கை எதிர்பார்க்க முடியாது.

இக்கணக்கைப் போட முன்வந்தவர்களில் தலையாயவர் பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்த கடற்படைக்காரர். டெல்லி ஐஐடியில் 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். போர் முடிந்த கையோடு அந்தப் பழைய பிரிட்டிஷ் சோனாரையே திருத்தும் பணி அங்கே அவரிடம் வந்தது. பின்னர் 1977இல், கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல் மற்றும் கடலியல் ஆய்வகத்தில் அப்சோ என்ற உள்நாட்டு சோனார்த் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். பழைய கருவி கைவிளக்கைப் போல ஒரு திசையை மட்டும் துழாவும். அப்சோ எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் கேட்டது. 1983இல் ஹிம்கிரி கப்பலில் அது நிலைபெற்றது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதை உற்பத்தி செய்தது.

பல ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு வந்துசேரும் அலைகளின் நுண்ணிய கால வேறுபாட்டிலிருந்து திசையைப் பிரிக்கும் கலை சோனாரின் உயிர். பால்ராஜ் அதையே ஸ்டான்ஃபோர்டில் வானலைக்கு எடுத்துச் சென்றார். 1992இல் தாமஸ் கைலாத்துடன் அவர் விண்ணப்பித்த காப்புரிமையே பல ஆண்டெனாக்கள் வழியே தரவு அனுப்பும் மைமோ தொழில்நுட்பத்தின் தொடக்கம். இன்றைய 4ஜி, 5ஜி கைப்பேசியிலும் வைஃபையிலும் அது இருக்கிறது. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. நம் பாடநூல்கள் இவருக்கு ஒரு முழுப்பாடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கடற்படைக்கு வெளியே இத்துறை சென்னையில் வேரூன்றியது 1993 நவம்பரில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியபோது. பள்ளிக்கரணையிலுள்ள அதன் ஒலியியல் சோதனைத் தொட்டியில் ஒலிவாங்கிகள் அளவுத்திருத்தம் செய்யப்படுகின்றன. கரையோரக் கடலில் காற்று, மழை, கப்பல், சொடுக்கிறால் ஆகியவை எழுப்பும் ஒலிகளை அதன் ஆய்வாளர்கள் பதிவுசெய்து பிரித்தறிந்தார்கள். பின்புல இரைச்சல் எது என்று தெரிந்தால்தான் தேடும் ஒலி எது என்று தெரியும்.

அந்த அறிவு சோதனைக்கு வந்தது 2015இல். ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து மூவருடன் சென்ற கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மறைந்தது. நீரில் விழுந்ததும் 37.5 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒலிக்குமிழ் ஒன்று அதில் இருந்தது. அதன் மின்கலம் ஏறத்தாழ 30 நாள் தாங்கும். ஜூலை 6 அன்று சிந்துத்வஜ் நீர்மூழ்கி அந்தத் துடிப்பைக் கேட்டது. கெடுவில் மிஞ்சியிருந்தது ஓரிரு நாள்தான். சில நாட்களில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டி மேலே வந்தது.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்டு வழியில் மறைந்த விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தில் அத்தகைய ஒலிக்குமிழ் இல்லை. இருந்த அவசர அலைபரப்பி வானொலி வகை. உப்புநீர் வானொலி அலையை விழுங்கிவிடும். கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் சாகர் நிதி உள்ளிட்ட கப்பல்கள் அப்போது தேடியும் பயனில்லை. 2024 ஜனவரியில்தான், கழகத்தின் தானியங்கி ஆழ்கடல் ஊர்தி 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டதாக அரசு அறிவித்தது. அந்த ஆழத்துக்கு நீர்ப்பரப்பிலிருந்து அனுப்பும் ஒலி போய்த் திரும்ப நாலரை வினாடி ஆகும். அவ்வளவு தொலைவிலிருந்து ஓர் இறக்கைத் துண்டைப் பிரித்துக் காண முடியாது. அதனால் சோனாரையே அடித்தளத்துக்கு அருகே இறக்கினார்கள். ஊர்தி நகர நகரக் கிடைக்கும் எதிரொலிகளைக் கோத்து ஒரே பெரிய ஒலிவாங்கி வரிசை போல ஆக்கும் முறையில் படம் எடுத்தார்கள். ஒலிக்குமிழ் இருந்திருந்தாலும் அந்த ஆழத்தில் மேலிருந்து கேட்பது கடினமே. கேட்கும் கருவியைக் கீழே இழுத்துச் சென்றிருக்க வேண்டும். ஆனாலும் டோர்னியரின் துடிப்பைக் கேட்க ஆன 28 நாளுக்கும் ஏஎன்-32க்கு ஆன ஏழரை ஆண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த 29 குடும்பங்களும்தான் சுமந்தன.

இந்த வரலாற்றில் பேசப்படாத ஒரு தரப்பு காசிமேடு. இன்று விசைப்படகு டிரைவரின் கண்முன்னே எக்கோ சவுண்டர் திரை எரிகிறது. அடியில் பார் எனப்படும் பாறைத்திட்டு இருந்தால் கோடு தடித்து, கீழே இரண்டாம் எதிரொலியும் விழும். சேறு என்றால் கோடு மெலியும். காற்றுப்பை உள்ள மீன்கூட்டம் பளிச்சென்று தெரியும். காற்றுப்பை இல்லாத சூரை மங்கலாகத் தெரியும். வலை கிழியாமல் மீள்வது இந்த வாசிப்பைப் பொறுத்தது. இப்படி இரவுதோறும் அளக்கப்படும் ஆழமும் தரையின் தன்மையும் படகு கரை சேர்ந்ததும் மறக்கப்படுகின்றன.

அவை மறக்கப்படக்கூடாது. படகு உரிமையாளர்களின் சம்மதத்துடன், அவர்களின் மீன்பிடி இடங்கள் வெளியே தெரியாதபடி, இந்த அளவுகளைக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் திரட்ட வேண்டும். எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் இடையே நிலையான ஒலிவாங்கிகளை நிறுவி, அந்தப் பதிவுகளை வடசென்னைக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்குத் திறந்துவிட வேண்டும். கடல்மேல் பறக்கும் ஒவ்வொரு அரசு விமானத்திலும் ஒலிக்குமிழ் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இவற்றைச் செய்ய இன்னோர் இழப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே இத்துறையினரிடம் என் வேண்டுகோள்.