வாசலில் நிறுத்துகிறவர்களிடம் உத்தரவைக் கேட்போம்

1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதில் இரண்டு பகுதிகள் இருந்தன. எந்தப் பொதுத் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம் என்பது முதல் பகுதி. நாம் மேடைகளில் அதிகம் பேசுவது அதைத்தான். இரண்டாவது பகுதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றுடன், பொது அலுவலகங்களுக்குள்ளும் பொதுக் காரியங்கள் நடக்கும் கட்டிடங்களுக்குள்ளும் சாதி இந்துக்கள் எந்த விதத்தில், எந்த அளவுக்குப் போகிறார்களோ, அதே விதத்தில், அதே அளவுக்கு எல்லோரும் போகலாம் என்கிறது அது. அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று இது அரசாணையாக வெளிவந்தது.

அலுவலக வாசலைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டிய தேவை அன்று இருந்தது. ஒரு பதிவு அலுவலகம் அக்ரகாரத்துக்குள் இருந்தால், அந்தத் தெருவில் நடக்க முடியாதவர் தன் பத்திரத்தைப் பதிவு செய்யவும் முடியாது. நிலம், வரி, வழக்கு எல்லாமே அந்தக் கட்டிடங்களுக்குள்தான் முடிவாகின. வெளியே நின்று எட்டிப் பார்த்துப் பேசுகிறவருக்கு உள்ளே என்ன எழுதினார்கள் என்பது கடைசி வரை தெரியாது. சீனிவாசன் கேட்டது கட்டிடத்துக்குள் நுழையும் உரிமையை மட்டுமல்ல. அதற்குள் இருக்கும் காகிதத்தை எட்டும் உரிமையும் அதில் அடங்கியிருந்தது.

அரசாணை வந்ததும் வாசல் திறந்துவிடவில்லை. தடுப்பவருக்குத் தண்டனை வேண்டும் என்று அதே அவையில் ஆர். வீரையன் போராடினார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938-இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவும், 1955-ஆம் ஆண்டுச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. இன்று எந்த அலுவலக வாசலிலும் சாதியைச் சொல்லி நம்மை நிறுத்த முடியாது. சொன்னால் வழக்கு. அதனால் வாசலில் பேசும் மொழி மாறிவிட்டது. இன்று அதன் பெயர் ‘பாதுகாப்பு’.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் மக்களின் ரத்தமும் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியரிடம் மனு கொடுக்க ஊர்வலம் போனது. போலீஸ் நடத்திய தடியடியில் ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 2017 அக்டோபர் 23 அன்று அதே ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாமல், கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்தது. அதன் பிறகு தமிழகம் முழுக்க ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று சோதனை கடுமையானது. பையைத் திறந்து காட்டு, பாட்டிலை வெளியே வை என்று வரிசையில் நிறுத்துகிறார்கள்.

உயிரைக் காப்பதற்கான சோதனையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் மண்ணெண்ணெயோடு வரும்முன் மனுக்களோடு வந்தது. அந்த மனுக்கள் என்ன ஆயின என்று தேடியதைவிட, மண்ணெண்ணெய் உள்ளே வராமல் தடுப்பதில்தான் நிர்வாகம் அதிக அக்கறை காட்டியது.

விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்துக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பட்டா கேட்டு வருகிறவர்கள், முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்கள், சுடுகாட்டுப் பாதை கேட்கிற சேரி மக்கள். திண்டிவனத்தில் சார் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு இருளர் குடும்பங்கள் வருகின்றன. பிள்ளையின் படிப்பே அந்த ஒரு தாளில் தொங்குகிறது. திண்டிவனத்தில் இருந்து பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக நடத்திவரும் போராட்டங்களில் இந்தச் சாதிச் சான்றிதழும் ஒன்று.

இப்படி மனுவோடு வந்தவர்களுடன் நாங்களும் ஒரு அலுவலக வாசலில் நின்றிருக்கிறோம். ‘ரெண்டு பேர் மட்டும் போங்க’, ‘செல்போனைக் கொடுத்துட்டுப் போங்க’, ‘அம்மா நீங்க அப்படி ஓரமா உட்காருங்க’ என்றார்கள். அதே நேரத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரின் கார் நிற்காமல் உள்ளே போனது. யாருடைய உத்தரவு என்று கேட்டோம். ‘மேலிடத்து உத்தரவு’ என்று பதில் வந்தது. எந்த மேலிடம், எந்தத் தேதி, எந்த எண் என்று கேட்டபோது பதில் இல்லை.

வாசலில் கிடைக்காத அந்தப் பதிலை எழுத்தில் கேட்க நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆனால் அந்த 1997-ஆம் ஆண்டுச் சட்டம் முழுக்க விதிவிலக்குகள். இன்று நம் கையில் இருக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விதை போட்டவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். 1990-களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தலைமையில் அவர்கள் தங்கள் கூலிப் பதிவேட்டின் நகலைக் கேட்டார்கள். ‘எங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறீர்கள், காட்டுங்கள்’ என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அதே கேள்வியை நாம் வாசலைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் ‘ஏன் எங்களைத் தடுக்கிறீர்கள்?’ என்று மனுவில் எழுதாதீர்கள். விளக்கம் தர இச்சட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். மனுதாரர்களைச் சோதனையிடவும், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும், செல்போனை வாங்கிவைக்கவும் பிறப்பித்த உத்தரவின் நகல். அதில் கையெழுத்திட்டவரின் பதவியும் தேதியும். சோதனையிலிருந்து யாருக்கு விலக்கு என்று சொல்லும் சுற்றறிக்கை. பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர்களை நியமித்த பணி உத்தரவு. வாசலில் உள்ள சிசிடிவி பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி.

‘பாதுகாப்புக் காரணம், தர முடியாது’ என்று பதில் வரலாம். 8(1)(அ) பிரிவு நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு பற்றியது. 8(1)(எ) பிரிவு ஒருவரின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் தகவல் பற்றியது. எத்தனை துப்பாக்கி, காவலர் எப்போது மாறுவார் என்று கேட்டால் மறுக்கலாம், அதில் நியாயமும் உண்டு. பொதுமக்கள் மீது நாள்தோறும் அமலாகும் விதியை அந்தப் பொதுமக்களிடமே மறைக்க இந்தப் பிரிவுகள் உதவாது. ஒரு பகுதி ரகசியம் என்றால் அதை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தர வேண்டும் என்கிறது 10-ஆவது பிரிவு. ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அதன் காரணத்தை நிர்வாகமே தெரிவிக்க வேண்டும் என்கிறது 4(1)(ஈ).

வாசல் ஆவணம் சாதாரணமானது அல்ல. சிபிஐ இயக்குநராக இருந்த ரஞ்சித் சின்ஹாவின் வீட்டு வருகைப் பதிவேடு 2014-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நவம்பரில் 2ஜி வழக்கு விசாரணையிலிருந்து அவர் விலகியிருக்க வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையங்களின் நுழைவாயில் உட்பட எல்லாப் பகுதிகளிலும் சிசிடிவி வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. புகார் கொடுக்கப் போன நம் ஆளைக் காவல் நிலைய வாசலிலேயே விரட்டிவிட்டு, ‘யாரும் வரவே இல்லை’ என்று சொன்னால், அந்தப் பதிவைக் கேட்டு உடனே எழுதிப் போடுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் விசாரிக்க முடியாது, 6(2) அதைத் தடுக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். ஊருக்குள் தனி ஆளாக மாட்டிக்கொள்ளாமல் நான்கைந்து பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

வரக்கூடிய பதில்களில் மிகவும் பயனுள்ளது எது தெரியுமா? ‘அவ்வாறான ஆவணம் ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்பதுதான். பல தோழர்கள் அதைப் பார்த்துச் சோர்ந்துபோய்க் கிழித்துப் போடுகிறார்கள். பத்திரமாக வையுங்கள். வாசலில் நம்மை நிறுத்திய விதிக்குச் சட்டமும் இல்லை, உத்தரவும் இல்லை என்று அரசே கையெழுத்திட்டுத் தந்த சான்று அது. அடுத்த திங்கட்கிழமை வரிசையில் நிற்கும்போது அதன் நகல் நம் கையில் இருக்கட்டும். உத்தரவு இருக்கிறது என்று பதில் வந்தால், அதை 1924-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்போம். காரில் வருகிறவர் போகிற அதே விதத்தில், அதே அளவுக்கு நாமும் உள்ளே போக முடிகிறதா என்று பார்ப்போம்.