ஃபிலிம் கேமராவில் நிலைமின் தடங்கள்

ஃபிலிமின் மேல் தெறிக்கும் மின்பொறியின் வெளிச்சம் அதில் பதிந்துவிடுவதால் உண்டாகும் கறையே நிலைமின் தடம். மின்சாரம் ஃபிலிமை நேரடியாகக் கெடுப்பதில்லை. பொறியின் ஒளிதான் கெடுக்கிறது. டெவலப் செய்யும்வரை இந்தத் தடம் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தபின் கழுவியும் போகாது, துடைத்தும் போகாது. ஆகவே வராமல் காப்பது ஒன்றே வழி.

ஃபிலிமின் அடித்தளம் அசிடேட்டாலோ பாலியெஸ்டராலோ ஆனது. இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாதவை. சுருளிலிருந்து பிரியும்போதும், கசெட் வாயின் வெல்வெட் துணியில் உரசும்போதும், பிரஷர் பிளேட்டின் மேல் வழுக்கிச் செல்லும்போதும் ஃபிலிமில் மின்னூட்டம் சேர்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது சத்தமில்லாமல் கசிந்துவிடும். காற்று உலர்ந்திருந்தால் தேங்கித் தேங்கிக் கடைசியில் பொறியாகப் பாயும். அப்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உமிழும் ஒளி பெரும்பாலும் நீலமும் ஊதாவும் புறஊதாவும் கலந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிமானாலும் கலர் ஃபிலிமானாலும் இந்த ஒளிக்குத் தப்பாது.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை அரிது. லடாக்கின் குளிர்காலத்திலும், ஹீட்டர் ஓடும் குளிர்நாட்டு வீடுகளிலும் அப்படியல்ல. உறைபனிக் காற்றைச் சூடாக்கினால் அதன் சார்பு ஈரப்பதம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது.

தடம் பல வடிவங்களில் வரும். கிளைவிட்ட மின்னல் கோடு எல்லாருக்கும் தெரிந்தது. 1777இல் ஜெர்மானிய இயற்பியலாளர் லிக்டன்பெர்க் பிசின் தட்டின் மேல் தூவிய பொடியில் கண்ட கிளை உருவங்களின் இனம் அது. வரிசையாக விழும் புள்ளிகளும் மங்கலான திட்டுகளும் உண்டு. நெகட்டிவில் கறுப்பாகவும் பிரிண்டில் வெளுப்பாகவும் தெரியும். லென்ஸ் வழி வந்த ஒளி படச்சட்டத்துக்குள் மட்டுமே பதியும்; பொறிக்கு அந்த எல்லை கிடையாது. ஆகவே கிளைக்கோடு சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள்வரை ஓடியிருந்தால் நிலைமின்னைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அகலமாகப் பரவிய, ஓரம் கரைந்த வெளிச்சப் பட்டை என்றால் பழைய கேமராவின் கதவோர நுரைப்பட்டை பொடிந்து ஒளி கசிகிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்தச் சிக்கலை வடிவமைப்பிலேயே தீர்த்ததற்குச் சிறந்த சான்று, 1969இல் அப்பல்லோ 11 நிலவுக்குக் கொண்டுசென்ற ஹாசல்பிளாட் டேட்டா கேமரா. படத்தில் அளவுக் குறியாகச் சிறு சிலுவைகள் பதிய வேண்டும் என்பதற்காக அதில் ஃபிலிமுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தட்டைப் பொருத்தியிருந்தார்கள். வழக்கமான கேமராவில் ஃபிலிமை நடத்திச் செல்லும் உலோக விளிம்புகளும் உருளைகளும் மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ளும், கண்ணாடி வாங்காது. நிலவில் ஈரக் காற்றின் உதவியும் இல்லை. அதனால் தட்டின் ஃபிலிம் பக்கத்தில் மிக மெல்லிய கடத்துப் பூச்சு ஒன்றைப் பூசி, இரண்டு தொடு சுருள்வில்கள் மூலம் கேமராவின் உலோக உடலோடு இணைத்தார்கள்.

பழைய கேமரா வைத்திருப்பவரிடம் இந்தப் பூச்சு இருக்காது. வேகம் மட்டும் அவர் கையில் இருக்கிறது. உலர்ந்த குளிரில் லீவரை ஒரே வெட்டாக இழுக்காமல் நிதானமாக நகர்த்த வேண்டும். மோட்டார் டிரைவ் இருந்தால் கழற்றி வைப்பதே மேல். ஆனால் பெரும் ஆபத்து ரீவைண்ட் செய்யும்போதுதான்: 36 படங்களும் ஒரே மூச்சில் வெல்வெட்டை உரசிக்கொண்டு உள்ளே போகின்றன. கைப்பிடியை அவசரமில்லாமல் சுற்ற வேண்டும். உறைந்த ஃபிலிம் முறியாமல் இருக்கவும் அதே நிதானம் உதவும்.

120 ஃபிலிமில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. டெவலப் செய்ய இருட்டில் சுருளைப் பிரிக்கையில், ஃபிலிமைத் தாளோடு ஒட்டியிருக்கும் டேப்பை வெடுக்கென்று உரித்தால் ஒட்டுக்கோடு நெடுக நீல ஒளி மினுங்கும். அதை மெதுவாக உரிக்க வேண்டும், அல்லது கத்தரியால் வெட்டிவிட வேண்டும். ஷீட் ஃபிலிம் ஹோல்டரின் டார்க் ஸ்லைடையும் சரேலென்று உருவக் கூடாது. ஃபிலிமைக் கையாளும்போது நைலான், கம்பளி உடைகளைவிடப் பருத்தி நல்லது. தொடும் முன் உலோகம் எதையாவது தொட்டுக்கொள்ளலாம். அறையின் ஈரப்பதம் 50 சதவீத அளவில் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

சினிமா நெகட்டிவின் பின்புறம் வெகுகாலம் இருந்துவந்த ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு, ஒளிச்சிதறலைத் தடுப்பதோடு மின்னூட்டத்தையும் கடத்திவிடும். அதை நீக்கிவிட்டு 35 மி.மீ. கசெட்டில் அடைத்து விற்கும் சுருள்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றைக் கூடுதல் பொறுமையோடு சுற்ற வேண்டும்.

டெவலப் செய்து உலர்ந்த நெகட்டிவிலும் நிலைமின் தூசியை இழுக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னூட்டம் இன்னும் ஏறும். ரப்பர் புளோயரும் மென்மயிர்த் தூரிகையும் போதும். பழைய சாமான்களோடு கிடைக்கும் சில தூரிகைகளில் காற்றை அயனியாக்க பொலோனியம்-210 பட்டை வைத்திருப்பார்கள். அதன் அரை ஆயுள் 138 நாள்தான். பல ஆண்டு கிடந்த பட்டையில் அந்த ஆற்றல் மிஞ்சியிருக்காது என்பதால், அப்படிப்பட்ட தூரிகையை நிலைமின் நீக்கியாக நம்பி வாங்குவதில் பயனில்லை.